உப்பில்லாத எட்டு நாள்

…உப்பு, உப்பு, அந்த ஒரு சொல்லை விட்டால் அந்த டாக்டருக்கு வேறு சொல் தெரியாது போலிருக்கிறது, முப்பது வயது இருக்காது, மீசை சரியாக முளைக்கவில்லை, என் கையில் துணிப்பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கிறான், படுங்கள் என்கிறான், எழுந்து நில்லுங்கள் என்கிறான், மறுபடி காற்றடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறான், படுத்திருந்தால் நூறு, நின்றால் எழுபது, லோ பிரஷர் ஐயா, மாத்திரை எல்லாம் அப்புறம், முதலில் உப்பைக் கூட்டுங்கள், கஞ்சியில் உப்பு, மோரில் உப்பு... என் வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்பு கட்டியிருக்கிறதே, அது அவன் கண்ணில் படவில்லையா, பட்டது, பட்டுத்தான் சொன்னான், இதை நாலு நாள் கழற்றி வைத்துவிட்டு நன்றாகச் சாப்பிடுங்கள் என்று. அவன் கழுத்தில் தொங்கிய ரப்பர் குழாயைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கியிருக்க வேண்டும், நாக்கு வெளியே வந்திருக்கும், முறுக்கவில்லை, ஏன் முறுக்கவில்லை, நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் கண் இருட்டிவிட்டது, அதனால்தான், வேறு காரணம் கிடையாது. கருப்பர் கோயில் காப்பைக் கட்டிவிட்டால் எட்டு நாள் உப்பு ஆகாது, கவிச்சி ஆகாது, சாராயம் ஆகாது, எட்டாம் நாள் உச்சிப்பொழுதில் ஊர்த் தலைவனான அம்பலம் பரிவட்டம் கட்டிக்கொண்டு முதல் கிடாயை ஒரே வெட்டில் சாய்க்க வேண்டும். நான் அம்பலம். இருபது வருஷம், இருபது கிடாய், இருபது வெட்டு, ஒன்று கூடுதலாக விழுந்ததில்லை. இன்றைக்கு நாலாம் நாள். இன்னும் நாலு நாள் இந்தக் கால்கள் நின்றால் போதும், அதற்குப் பிறகு எந்தக் கிணற்றில் விழுந்தாலும் எனக்குக் கவலையில்லை.

கல்லுக்கட்டிக் கடைவீதியில் வெயில் நெற்றியில் அறைகிறது, மெல்ல நட பொன்னழகு, முதுகு வளையாமல் நட, பார்க்கிறவனுக்கு நீ மெல்ல நடப்பது கம்பீரமாகத்தான் தெரிய வேண்டும்... நேற்று விடியலில் கிணற்றடியில் வாளியை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தேன், அவ்வளவுதான் தெரியும், அடுத்துத் தெரிந்தது வானமும் வீரலட்சுமியின் முகமும், பாசி வழுக்கிவிட்டது என்றேன், வைகாசி வெயிலில் எந்தக் கிணற்றடியில் பாசி இருக்கிறது, அவள் ஒன்றும் கேட்கவில்லை, முப்பத்தைந்து வருஷமாக என்னோடு குடும்பம் நடத்துகிறவள், கேட்கக் கூடாத இடம் அவளுக்குத் தெரியும். ஆனால் கை சும்மா இருந்ததா. இன்று காலையில் கேப்பைக் கஞ்சியை ஒரு வாய் வைத்தேன், நாக்கு கண்டுபிடித்துவிட்டது, நாலு நாள் உப்பைக் காணாத நாக்குக்கு ஒரு கல் உப்பு போதும், துப்பினேன், வெண்கலக் கும்பாவைத் தூக்கி எறிந்தேன், அவள் புருவத்தில் பட்டு அடுப்படி வரைக்கும் உருண்டு போனது. புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது, அவள் அழவில்லை, முந்தானையால் அழுத்திக்கொண்டு சொன்னாள், "நாலு பேரு முன்னாடி விழுந்துறாதீகன்னுதான் ஒரு கல்லு போட்டேன். கருப்பன் கேட்டா என்னையக் கேக்கட்டும்." விழுவதா, யார் விழுவது, வெளியே மூச்சு விட்டால் நாக்கை அறுத்துவிடுவேன் என்றேன், ஏழு தடவை வாயைக் கொப்பளித்தேன், முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பஸ்ஸில் ஒருவன் என் பக்கத்தில் சாய்ந்து தூங்கினான், அவன் விரலைப் பிடித்துப் பின்னால் வளைத்தேன், அலறி எழுந்தான், இவ்வளவு பலம் இருக்கிறதே, பிறகென்ன எழுபது, பிறகென்ன லோ... கொதிப்பு என்று சொல்லியிருந்தால்கூடத் தலை நிமிர்ந்து வந்திருப்பேன், எங்கள் ரத்தம் கொதிக்கிற ரத்தம் என்று ஊருக்கே தெரியும், இறங்கிப்போன ரத்தம் என்று இவன் சொல்கிறான், அதையும் சொல்லிவிட்டு ஒரு கேள்வி வேறு கேட்டான், உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இப்படி நின்ற இடத்தில் தலை சுற்றி விழுகிற வழக்கம் உண்டா. எங்கள் குடும்பத்தில் எவனும் விழுந்ததில்லை என்றேன். கருத்தையா விழுந்தான், அது வேறு, அது குடி.

அங்கே நிற்கிறது யாருடைய லாரி, புதுவயல் ரைஸ்மில் லாரி, அரிசி மூட்டை இறங்குகிறது, மேலே வெற்று உடம்போடு நின்று மூட்டையைப் புரட்டிக் கொடுக்கிறவன், அந்தத் தோள், அந்த நெற்றி... முத்துராமன். கருத்தையாவின் மகன். என் அண்ணன் மகன். கால் தானாக நின்றுவிட்டது. இவன் கண்ணில் நான் இப்போது படக் கூடாது, எவன் கண்ணில் பட்டாலும் இவன் கண்ணில் படக் கூடாது, அம்பலம் கோயிலில் தள்ளாடினால், வெட்டு இரண்டாகிவிட்டால், அருவாளும் பரிவட்டமும் பங்காளி வீட்டுக்குப் போகும், அதுதான் வழக்கம், அன்றைக்கு அண்ணனிடமிருந்து எனக்கு வந்தது அப்படித்தான், நான் தள்ளாடினால் எனக்கு அடுத்தது இவன், லாரியில் மூட்டை தூக்குகிற இவன். அதைக் கண்ணால் பார்ப்பதற்குக் கிடாயின் இடத்தில் நானே கழுத்தை நீட்டிவிடுவேன். நாற்பத்தொன்பதாம் வருஷம், இதே வைகாசி, உச்சிப்பொழுது, கறுப்புக் கிடாய், தண்ணீர் தெளித்ததும் உடம்பை உதறிச் சம்மதம் கொடுத்தது, அண்ணன் அருவாளை ஓங்கினான், ஓங்கின கை மேலேயே நின்றது, ஆடியது, வெட்டு கழுத்தில் விழவில்லை, முதுகில் விழுந்தது. அந்தக் கிடாய் கத்திய கத்தல், பெண்பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள், இரண்டாவது வெட்டு தொடையில், மூன்றாவது மண்ணில், அவனே முழங்கால் மடங்கிக் கிடாயின் மேல் விழுந்தான். நான்தான் முதலில் ஓடினேன், தூக்கத்தான் ஓடினேன், தூக்கினபோது வாயில் வீச்சம், குப்பென்று மூக்கில் ஏறியது, காப்புக் கட்டின வாயில், கருப்பர் முன்னால். மதுவிலக்கு வந்த புதிது, சாராயத்துக்குப் பதிலாக ஜிஞ்சரும் டிங்சரும் குடித்துக் குடல் வெந்து செத்தவர்கள் நாலு ஊரில் உண்டு, எனக்கு வேறென்ன தோன்றும். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், அந்த வாயில்தான் என் முதல் அடி, அருவாளின் பிடியால், பல் மூன்று என் காலடியில் விழுந்தது, பிறகு விலாவில், பிறகு எங்கே என்று தெரியாமல், ஊர் பார்த்துக்கொண்டு நின்றது, எவனும் பிடிக்கவில்லை, தாடை உடைகிற சத்தம் எனக்கே கேட்டது, சுள்ளி முறிகிற மாதிரி. பரிவட்டத்தை அவன் தலையிலிருந்து உருவி என் தலையில் கட்டினார்கள், அதில் ரத்தம் இருந்தது, கிடாயின் ரத்தமா அவன் ரத்தமா யாரும் பார்க்கவில்லை. அதற்கப்புறம் புதுவயலில் நெல் அவிக்கிற தொட்டி மேல் நின்று வேலை பார்த்தான், நாலு வருஷம், கொதிக்கிற தொட்டிக்குள் விழுந்து வெந்து செத்தான், குடித்துவிட்டு விழுந்தான் என்றார்கள், நான் துட்டிக்குப் போகவில்லை. சரியாகத்தான் செய்தேன். குடும்பத்தின் மானத்தை யாராவது ஒருவன் கையில் எடுக்க வேண்டும், நான் எடுத்தேன், இப்போது எதற்கு இதெல்லாம், லாரிக்காரன் திரும்புகிறான், இந்த மருந்துக்கடைக்குள் ஏறிவிடு.

கடைக்காரன் சத்தியமூர்த்தி, எங்கள் பக்கத்து ஊர்க்காரன்தான், வாங்க அம்பலகாரரே, வெயிலோட வந்திருக்கீக என்று முக்காலியை இழுத்துப் போட்டான், உட்கார மாட்டேன், உட்கார்ந்தால் எழ வேண்டும். எங்கள் பண்ணையாளுக்கு ஒரு சத்து மருந்து வேண்டும், ரத்தம் இறங்கிப் போச்சாம், தலை சுற்றுதாம், நாலு நாளில் நிமிர்ந்து நிற்க வேண்டும், ஆனால் உப்பு, கவிச்சி, சாராயம் மூன்றும் அதில் இருக்கக் கூடாது என்றேன். அவன் என் மணிக்கட்டைப் பார்த்தான். "பண்ணையாளும் காப்புக் கட்டிருக்காகளா?" சிரிக்கவில்லை, ஆனால் அந்த 'காகளா'வில் சிரிப்பு இருந்தது, தாடையில் ஒன்று கொடுத்தால் இந்த அலமாரியோடு சாய்வான், எத்தனை குப்பி உடையும், கை மடங்கியது, பிறகு விரிந்தது, மருந்து வேண்டுமே. அவன் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். கண்ணாடி மாதிரி மஞ்சள் உருண்டை, சுறா மீன் எண்ணெயாம், எடு அங்கிட்டு. கறுப்புக் குப்பி, ஈரலைப் பிழிந்து எடுத்த சத்தாம், ஊசியாகவும் உண்டாம், ஈரல் கவிச்சி இல்லாமல் வேறென்ன. தகர டப்பாவில் பாலில் கலக்கிற மாவு, நல்லது, குழந்தைகள் குடிப்பது, டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, இதுல உப்புச் சேத்திருக்கான் அம்பலகாரரே, சின்ன எழுத்துல போட்டிருக்கான் என்றான். வைட்டமின் மாத்திரை, சிவப்பும் கறுப்புமாக, மருந்துல ஒண்ணுமில்லீங்க, ஆனா அந்தக் கூடு இருக்கு பாருங்க, அது எலும்பைக் காய்ச்சிச் செய்யிறது. எலும்பா, மாத்திரைக்கு எதற்கடா எலும்பு, கூட்டை உடைத்துப் பொடியை மட்டும் தின்றால்... பொடியும் எலும்பில்தானே கிடந்தது. குளுக்கோஸ் பொட்டலம், இது சுத்தம், சர்க்கரைதான், குடித்தால் அரை மணி நேரம் தெம்பாக இருக்கும், பெறகு இருந்ததைவிடக் கூடுதலா மயங்கும் என்கிறான், அரை மணி நேரம் போதுமா, பரிவட்டம் கட்ட ஒரு மணி நேரம், கருப்பர் இறங்க அரை மணி நேரம், கிடாய் உதற எவ்வளவு நேரமோ, சில வருஷம் அது உதறவே உதறாது, போதாது. கடைசியில் முழங்கையைப் பலகையில் ஊன்றிக்கொண்டு சொன்னான், "இதும் ஆகாது அதும் ஆகாதுன்னா நான் காத்தைத்தான் அடைச்சுக் குடுக்கணும்."

அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்துவிட்டேன், எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை, பிடித்த கையில் காப்பு தொங்குகிறது, அவன் பதறவில்லை, கோவப்படாதீக, உங்க பண்ணையாளுக்கு ஏத்தது ஒண்ணு இருக்கு என்று குனிந்து கீழ்த்தட்டிலிருந்து ஒரு குப்பியை எடுத்தான். இரும்புச் சத்து டானிக், கவிச்சி இல்லை, உப்பு இல்லை. "எங்கப்பா காலத்துலருந்து ஓடுற சரக்கு இது. ஒண்ணே ஒண்ணு, கெட்டுப் போகாம இருக்கச் சாராயம் கொஞ்சூண்டு சேத்திருப்பான். அதைச் சாராயம்னு எவனும் சொல்ல மாட்டான், மருந்துதான். ஏசெண்டு வச்சுட்டுப் போன சாம்பிள் தொறந்துதான் இருக்கு, மோந்து பாருங்க." மூடியைத் திருகி என் மூக்குக்குக் கீழே நீட்டினான்... வெல்லம் புளித்த மாதிரி ஒரு இனிப்பு, அதற்குப் பின்னால் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் தெறிக்குமே அந்த வாசம், அதற்கும் பின்னால் சுருக்கென்று ஒரு எரிச்சல். இது எனக்குத் தெரியும். இதை நான் எங்கே... எந்தச் சாராயத்தில் ஆரஞ்சுத் தோல் வாசம் வரும், பட்டையில் வராது, ஜிஞ்சரில் வராது, இருபது வருஷமாக என் மூக்குக்குள் இருக்கிற வீச்சத்தை நான் எந்தக் காலத்திலாவது பிரித்துப் பார்த்தேனா, ஒரு தடவையாவது. குப்பியைத் தட்டிவிட்டேனா, தானாகக் கை ஆடியதா, டானிக் என் சட்டையிலும் மீசையிலும் கொட்டியது, அவன் ஐயையோ என்று துணியைத் தேடினான், நான் படியில் இறங்கினேன், வெயில் வெள்ளையாக இருந்தது, ரொம்ப வெள்ளையாக... படுத்திருந்தால் நூறு, நின்றால் எழுபது, அண்ணனுக்கு எத்தனை, யார் காற்றடித்துப் பார்த்தார்கள், அவரும் இப்படித்தான் ஒரு கடையில் நின்றிருப்பார், காப்புக் கட்டின கையோடு, உப்பு ஆகாது, கவிச்சி ஆகாது என்று சொல்லியிருப்பார், ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்திருப்பார், கடைசியில் இந்தக் கடைக்காரனின் அப்பன் அவர் கையில் இதைக் கொடுத்து மருந்துதான் என்று சொல்லியிருப்பான், பரிவட்டத்தோடு நிமிர்ந்து நின்றுவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறென்ன ஆசை... அந்தத் தொட்டி, ஆவிக்கு மேல் நின்று, வெக்கையில்...

முதலில் ஒரு கை என் அக்குளுக்குள் நுழைந்தது, அப்புறம்தான் நான் சாய்ந்துகொண்டிருந்தேன் என்பது தெரிந்தது. "சின்னையா, மெதுவா. இங்குட்டு வாங்க, நெழலுக்கு." முத்துராமன். லாரி ஓரத்தில் அரிசி மூட்டை மேல் என்னை உட்கார வைத்தான், உதறியிருக்க வேண்டும், கை வரவில்லை, இருபது வருஷத்தில் முதல் தடவையாக இவன் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது, வேர்வையும் தவிடும் ஒட்டின முகம், குனிந்தவன் அப்படியே நின்றான், மூக்கு விடைத்தது, மோந்துவிட்டான். என் மீசையில் இருக்கிறது, சட்டையில் இருக்கிறது, கையில் காப்பு இருக்கிறது. நடுக் கடைவீதி, மூட்டை தூக்குகிறவர்கள் நாலு பேர் சுற்றி நிற்கிறார்கள், அவன் கை பெரிய கை, எனக்குத் தெரியும் அடுத்து என்ன என்று, வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் வாயில்தான் விழும், பல்லைக் கடித்துத் தாடையை இறுக்கிக்கொண்டேன்... "எத்தனை கரண்டி குடிச்சீக?" குடிக்கவில்லை, மேலே கொட்டிவிட்டது என்றேன், என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது, கருப்பர் மேல் சத்தியம் செய்யலாமா என்று தேடிக்கொண்டிருந்தேன். அவன், "நீங்க சொன்னாச் சரி சின்னையா" என்றான். அவ்வளவுதான். நம்பிவிட்டான், கேட்ட மாத்திரத்தில் நம்பிவிட்டான், அது எனக்கு அடியைவிட... இல்லை, அடியைவிட என்று சொல்லக் கூடாது, அடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, கொடுத்துத்தான் தெரியும்.

"குடிக்கிறதா இருந்தா சோத்துக்குப் பெறகு ரெண்டு கரண்டி. வெறும் வயித்துல ஆகாது. அன்னைக்குக் கோயிலுக்கு வெறும் வயித்துல குடிச்சுட்டுத்தான் எங்கய்யா வந்தாக" என்றான், சோடாக்காரனை அழைக்கிற மாதிரி சாதாரணமாக. உனக்கெப்படித் தெரியும் என்றேன். "ஆத்தா பெட்டியில அந்தக் குப்பி இன்னமும் கெடக்கே. அதும் மேல ஒட்டியிருக்கிற தாளைப் படிச்சுத்தான் நான் எழுத்துக் கூட்டவே படிச்சேன்." அவன் சிரித்தான், உண்மையாகவே சிரித்தான், அண்ணனுக்கு வருகிற மாதிரி ஒரு கன்னத்தில் மட்டும் குழி. "எனக்கும் உண்டு சின்னையா. ரெண்டு தடவை லாரி மேலருந்து விழுந்திருக்கேன். சட்டுன்னு எந்திரிக்காதீக, மொதல்ல காலை ரெண்டு ஆட்டு ஆட்டிட்டு எந்திரிங்க." இவன் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது, இந்தச் சிரிப்பை, இந்தப் பணிவை, இருபது வருஷமாக ஒரு குப்பியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வாயை மூடியிருந்த இந்த வாயை, எழுந்த கை பாதியில் அவன் தோளில் விழுந்து அங்கேயே பிடித்துக்கொண்டது. "ஏன்டா சொல்லலை? இத்தனை வருஷமா ஏன்டா சொல்லலை?" சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கேள்வி புரியாதவன் மாதிரி என்னைப் பார்த்தான்.

"யாருகிட்ட சின்னையா?"

யாரிடம்... ஊரில் ஒரு அநியாயம் நடந்தால் அம்பலத்திடம் சொல்ல வேண்டும், அம்பலம் கேட்க வேண்டும், அதுதான் முறை, தாத்தா காலத்து முறை, இந்தச் சீமை முழுக்க அதுதான் முறை. பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருகிறது, எங்கள் ஊர் வழியாகப் போகிற பஸ்ஸா, கண்ணுக்குத் தெரியவில்லை. அவன் காலை ஆட்டச் சொன்னான், ஆட்டினேன், எழுந்திருக்கச் சொன்னான், எழுந்தேன். நாலு நாள் கழித்து உச்சிப்பொழுதில் கிடாய் நிற்கும், தண்ணீர் தெளிப்பார்கள், அருவாளை என் கையில் கொடுப்பார்கள், நான் வாங்குவேனா, வாங்கி இவனிடம்... முடியாது, இருபது வெட்டு, ஒன்றுகூடத் தப்பாத இருபது வெட்டு, எப்படிக் கொடுப்பது, எதைச் சொல்லிக் கொடுப்பது, சொல்லாமல் எப்படிக் கொடுப்பது. வீதி முழுக்க ஜனம், பார்க்கிறார்கள், அம்பலத்தை ஒரு லாரிக்காரன் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறார்கள், கையை எடுடா என்று சொல்ல வேண்டும், சொல்லப் போகிறேன், அவன் கை என் அக்குளுக்குள் அப்படியே இருக்கிறது, எவ்வளவு பாரம் அதன் மேல் இருக்கிறது, என் கால் மேல் எவ்வளவு இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.